பக்கவாட்டில்

ஸ்ப்ளெண்டரில் நாங்கள் போகும் வரிசை இது:
டேங்க் மேல் சஞ்சிகா, அடுத்து அவர்,
நடுவில் நசுங்கிக்கொண்டு யஸ்வந்த்,
கடைசியில் நான்,
கால்கள் ஒரு பக்கம், மடியில் பை.
பன்னிரண்டு வருஷத்தில்
எனக்கு நன்றாகத் தெரிந்தது அவருடைய பிடரி.
எந்தச் சட்டையில் காலர் எங்கே நைந்திருக்கிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

காவேரிப்பட்டணத்தில் ஆற்றோரம்
புதுசாக நடைபாதை போட்டிருக்கிறார்களாம்,
கடைத்தெருவுக்குப் பின்னாலேயே,
ராத்திரி பத்து மணி வரைக்கும் லைட்டாம்,
மாடிவீட்டு ஷமீம் அக்கா சொன்னாள்.
அவருக்கு வார விடுமுறை.
கிளம்பிவிட்டோம்.

வண்டி நிறுத்த இருபது ரூபாய்.
"ஆத்தைப் பார்க்கறதுக்கா டோக்கன்?"
சீட்டு கிழிக்கிறவன் சிரிக்கவில்லை.

இறங்கி நின்றதும்
எப்படி நடப்பதென்று ஒரு நிமிஷம்
யாருக்கும் தெரியவில்லை.
நாலு பேர் தோளோடு தோள் போகும் அகலம்.
யஸ்வந்த் என் தோள் வரை வந்திருக்கிறான்.
எப்போது?
எந்தப் பரீட்சைக்கும் எந்தக் காய்ச்சலுக்கும் நடுவில்?

"ஊர் பேர் காவேரிப்பட்டணம்.
ஓடறது பெண்ணையாறு.
காவேரி எங்கம்மா போச்சு?"
நான் யோசிப்பதற்குள் சஞ்சிகா
கைப்பிடிக் கம்பியில் ஏறிவிட்டாள்.
கீழே கால்வாசி தண்ணீர்,
முக்கால்வாசி ஆகாயத்தாமரை,
பாறை இடுக்கில் வெள்ளையாய் நுரை.
"ஐ, பனி!"
"மேலேர்ந்து வருது, தொடக்கூடாது" என்றார்.
மேலே என்றால் ஓசூர்.
யாரும் கேட்காமலே,
"எங்க கம்பெனி இல்ல. அதுக்கும் மேல" என்றார்.

கொஞ்ச தூரம் போனபின் கவனித்தேன்.
பாதையின் நடுவே
கண் தெரியாதவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கல் வரிசை.
அதன் மேலேயே நடக்கிறார்.
எதிரே ஒரு குடும்பம் வந்தால்
ஒதுங்காமல் நின்றுவிடுகிறார், அவர்கள் ஒதுங்குகிறார்கள்.
படித்துறைக்கு இறங்கும் இடத்தில் மஞ்சள் அறுபட்டது.
நின்றார்.
வலது கையின் ஆள்காட்டி விரல்
இடுப்பளவுக்கு உயர்ந்து
இடப்பக்கம் காட்டியது, வலப்பக்கம் காட்டியது,
அப்புறம்தான் கால் நகர்ந்தது.

"அப்பா, என்ன பண்றீங்க?"
முனிராஜ் என்று பேர் எழுதிய சட்டை
அன்று வீட்டில் கொடியில் காய்கிறது.
ஆனால் விரலுக்கு லீவு இல்லை போல.
"கோட்டைத் தாண்டினா பேர் எழுதிப்பாங்க.
ஃபோர்க்லிஃப்ட் வரும்" என்றார்,
ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

பிள்ளைகளுக்கு அது போதும்.
இருவரும் அவர் பின்னால் மஞ்சளில் ஏறிக்கொண்டார்கள்.
மக்காச்சோளக்காரன் வந்தால் நிறுத்தம்.
நாய் வந்தால் நிறுத்தம்.
மூன்று விரல்கள் இடது, மூன்று விரல்கள் வலது.
முதலில் அவருக்குக் கூச்சம்.
பிறகு, வேண்டுமென்றே,
ஒன்றுமே வராத இடத்திலும் நின்றார்.

நான் வரிசைக்கு வெளியே, பக்கத்திலேயே நடந்தேன்.
கிருதாவில் நாலைந்து வெள்ளை.
காதுக்குக் கீழே, சவரத்துக்குத் தப்பிய ஒரு திட்டு.
சிரிக்கும்போது வலது கன்னம்
இடது கன்னத்தை விட முந்திக்கொள்கிறது.
கல்யாண போட்டோவில் இது இல்லை,
அதில் இருவரும் கேமராவைப் பார்த்தோம்.

முந்நூறு அடியில் தகரத் தடுப்பு.
அதற்கப்பால் ஜல்லி, சிமெண்ட் மூட்டை,
பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிய ஒருவன்
தூண்டிலோடு.
திரும்பினோம். மறுபடி போனோம்.
மூன்றாம் நடைக்கு சஞ்சிகாவின் செருப்பு வார் அறுந்தது.

நிப்பட்டு நாலு வாங்கினோம்.
ஒன்று பையிலேயே நொறுங்கியது.

வண்டியில் ஏறும் முன்
இடது கண்ணாடியைக் கொஞ்சம் உள்ளே திருப்பினேன்.
"பின்னாடி வர்ற லாரி தெரியாதே?"
"ஊருக்குள்ள என்ன லாரி?"
முகமும் பாதி மீசையும் அதற்குள் வந்தன.
அவருக்கும் நான் தெரிந்திருப்பேன்,
ஒன்றும் சொல்லவில்லை.

பைபாஸில் ஏறியதும்
கையை நீட்டித் திருப்பி வைத்துக்கொண்டார்.
அது வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன்.